தொட்டிலின் எண்

தணிகைவேல் உளி பிடிக்கப் பழகி முதலில் செய்த முக்காலியைத் துப்புரவு இயந்திரம் குப்பையென்று தூக்கிப்போய் அரைத்துவிட்டது. கடைப்பொருள்களுக்கு இருக்கும் எண் அதற்கு இல்லை. அதனால் அடுத்துச் செய்த தொட்டிலின் விளிம்பில் பழைய நாற்காலியின் எண்ணைப் பெயர்த்து ஒட்டினான்.

இன்று காலை, பிள்ளைக்குச் சிராய் குத்துமோ என்று விளிம்பை மறுபடி இழைத்தான். எண் சீவலோடு போனதைக் கவனிக்கவில்லை.

குளித்துவிட்டு வந்த மனைவி செண்பகம் கேட்டாள். “ஏங்க, தொட்டில எங்க வச்சீங்க? பாப்பா அதுலதான தூங்குனா?”

அவன் படியிறங்கி ஓடினான். அரைக்கும் தொட்டியருகே இயந்திரத்தை மறித்தான். “நிறுத்து. உள்ள கொழந்த இருக்கு.”

இயந்திரம் தொட்டிலுக்குள் பார்த்தது.

“இதற்கும் எண் இல்லை” என்றது.

பெயர் வைத்த பிறகுதான் குழந்தைக்கு எண் தருவார்கள். பெயர் சூட்டு விழா நாளைக்கு.