வெளியே நின்றவன்

வெளியிலதானே நின்னான். இதை அத்தை இன்னும் எத்தனை விதமாகச் சொல்லப் போகிறாள் என்று நினைத்தபடி, அவள் இஸ்திரிப் பெட்டியின் சூட்டை ஈரத்துணியில் ஒற்றிப் பார்த்தாள்.

“உள்ள கால் வைக்கலம்மா. ஒரு துரும்பைத் தொடல. சின்னவன் வெளியிலதானே நின்னான்?” என்றாள் மாமியார்.

சலவைக் கடையின் பின்னறை. ஆவியில் சுவர் வியர்த்திருந்தது. மாமியாரோடு வந்த வக்கீல், உட்கார இடம் தேடி, கடைசியில் ஒரு துணி மூட்டையின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

“எழுந்திரிங்க சார். அது ஆஸ்பத்திரித் துணி.”

வக்கீல் துள்ளி எழுந்தார். கோட்டைத் தட்டிக்கொண்டே, “சட்டம் அப்படிப் பார்க்காதும்மா,” என்றார். “கடையை உடைக்க மூணு பேர் சேர்ந்து திட்டம் போட்டாங்க. உள்ள போன ரெண்டு பேர்ல ஒருத்தன் கம்பியால அடிச்சான். ஆள் செத்துட்டாரு. அடிச்சவன், கூட நின்னவன், வாசல்ல காவல் இருந்தவன், மூணு பேர் தலையிலயும்தான் கொலை விழும்.”

“அடிக்கறதா பேச்சே இல்லையே. கடை லீவு, யாரும் வரமாட்டாங்கன்னுதானே போனாங்க,” என்றாள் மாமியார்.

“வந்தா விசில் அடிக்கணும்னு ஏற்பாடு பண்ணியிருக்காங்களே. ரெண்டு தரம் சின்னதா, ஒரு தரம் நீளமா. அப்ப, வரலாம்னு தெரிஞ்சிருக்குல்ல?”

வக்கீல் இவள் பக்கம் திரும்பினார்.

“ஒரே வழிதாம்மா இருக்கு. ஆள் வர்றதுக்கு முன்னாடியே மனசு மாறி, ‘நான் வரலை’ன்னு சொல்லிட்டுத் தம்பி கிளம்பிட்டான்னு வாதாடப் போறேன். கூட்டாளிங்க, கடைசி வரை நின்னான், விசில் அடிச்சான்னு சொல்றாங்க. அவங்க பேச்சு எடுபடாது. உங்க பேச்சு எடுபடும். விசில் கேட்டுச்சான்னு கேப்பாங்க. கேக்கலைன்னு சொல்லுங்க, போதும்.”

“பொய்யுன்னு ஏன் நினைக்கறே?” என்றாள் மாமியார். “கேட்டதை மறந்துட்டதா நினைச்சுக்கோ. போனது போச்சு. நீ அழுதாலும் வராது, நான் அழுதாலும் வராது. இருக்கறதையாவது காப்பாத்து.”

அந்த வீட்டில் சின்னவன் எப்போதும் வெளியில்தான் நின்றிருக்கிறான். அலமாரிக் கண்ணாடி உடைந்தபோதும், அத்தையின் வளையல் காணாமல் போனபோதும். வசவு வாங்க வேறு ஆள் இருந்தது.

மாமியார் பையிலிருந்து ஒரு வெள்ளைச் சட்டையை எடுத்து மேஜையில் விரித்தாள். “நாளைக்குக் கோர்ட்டுக்குப் போட்டுக்க அவனுக்கு உருப்படியா ஒண்ணும் இல்லை. பீரோவுல இது சும்மாதானே கிடக்கு. தேய்ச்சுக் குடும்மா.”

இரண்டாவது பொத்தான் மட்டும் கறுப்பு நூலில் தைத்திருந்தது. வெள்ளை நூல் தீர்ந்துபோன ஒரு காலை அவசரத்தில் அவள் தைத்தது. கழுத்துப் பட்டையை உள்ளங்கையால் நீவினாள். பிறகு இஸ்திரிப் பெட்டியை அணைத்தாள்.

“விசில் கேட்டுச்சு அத்தை.”

“மெதுவாப் பேசும்மா.”

“போன்ல கேட்டுச்சு. மறந்துட்டு வந்த மூக்குக் கண்ணாடியை எடுக்க அவரு கடைக்குப் போயிருந்தாரு, என்கிட்ட பேசிக்கிட்டே. ‘பூட்டு உடைஞ்சு கிடக்கு, திரும்பிடட்டுமா’ன்னு தயங்கினாரு. திரும்பியிருப்பாரு. அப்பதான் அந்த விசில்.” அவள் குரல் உயரவில்லை. “சிரிச்சாரு அத்தை. ‘அட, நம்ம தம்பி விசில். உள்ள இருக்கறது அவன்தான், பயந்தே போயிட்டேன்’னு சொல்லிட்டுப் போனை வச்சாரு உங்க பெரிய பிள்ளை.”

தன் கணவனின் சட்டையை, தேய்க்காமலே மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.