ஒரு பிடி பஞ்சு

"ஏம்மா ரைசா, இதென்ன கருமம்?"

வாஷிங் மெஷின் ஓரமாக ஈரப்பஞ்சு ஒரு பிடி கிடந்தது. சுபஸ்ரீ அதை விளக்குமாற்று நுனியால் நோண்டினாள். வெள்ளகோவிலிலிருந்து வந்திருந்த நாத்தனார் மூக்கைச் சுளித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

ரெண்டு வருஷமாக மாடியில் குடியிருக்கும் ரைசா, பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மெஷினில் துவைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தாள் சுபஸ்ரீ. அந்தப் பெருந்தன்மையைப் பற்றி நாத்தனாரிடம் இப்போதுதான் அரை மணி நேரம் பேசி முடித்திருந்தாள்.

"அக்கா, அது வந்து..."

"கம்பெனிப் பஞ்சையெல்லாம் துணியோட கொண்டாந்து இதுல போட்டா மெஷின் என்னத்துக்காகும்? இந்தப் பழைய பிரஷ் வேற! கண்டதைச் சொருகி வைக்க இதென்ன குப்பைத் தொட்டியா?"

மெஷினுக்குப் பின்னால் இருந்த பல் தேய்க்கிற பிரஷ் பறந்து போய் வாசலில் விழுந்தது.

ரைசா நாத்தனாரை ஒருமுறை பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

"தப்புத்தாங்கக்கா. இனிமே கையிலயே துவைச்சுக்கறேன்."

"இடம் குடுத்தா மடத்தைப் புடுங்கற கதைதான் போ!" என்றாள் நாத்தனார். சுபஸ்ரீக்கு அது பாராட்டாகவே பட்டது.

மூன்றே வாரம். மெஷின் மக்கர் செய்தது. உள்ளே தண்ணீர் இறங்காமல் அப்படியே நின்றது.

மெக்கானிக் சுரேந்தர் வந்து, அடியில் இருந்த சின்ன மூடியைத் திருகினான். ஃபில்டரோடு கொழகொழவென்று ஓர் உருண்டை வெளியே வந்தது. சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக நூல்.

"பனியன் வேஸ்ட்டுங்க்கா. இதைப் போயி மெஷின்ல போடுவாங்களா?"

சுபஸ்ரீக்குச் சுருக்கென்றது. கணவரின் பனியன் யூனிட்டிலிருந்து மூட்டையாக வரும் வெட்டுத்துணிதான் அவள் வீட்டில் அடுப்பு துடைக்க, வண்டி துடைக்க எல்லாம். அழுக்கானதும் மெஷினில் போடுகிறவளும் அவளேதான்.

"ரெண்டு வருசமா போட்டுட்டுத்தான இருக்கறேன்? ஒண்ணும் ஆகலையே!"

"ஆகாதுங்க்கா. யாரோ அடிக்கடி இதைக் கழட்டி, பிரஷ் போட்டுத் தேய்ச்சிருக்காங்க. பாருங்க, பழைய கறையே இல்லை. இப்பத்தான் கொஞ்ச நாளா விட்டுட்டாங்க. யாருங்க அது?"

வாசலில் போய் விழுந்த பிரஷ் கண்முன் வந்தது. சுபஸ்ரீக்கு முகமெல்லாம் எரிந்தது.

மாடிப்படி ஏறக் கால் கூசியது. மேலே ரைசா குத்தவைத்துத் துவைத்துக்கொண்டிருந்தாள். சோப்பு அரித்து விரல் கணுவெல்லாம் வெடித்திருந்தது.

"ஏங்கண்ணு, அது எங்க வீட்டுத் துணிப் பஞ்சுன்னு நீ அன்னிக்கே சொல்லியிருக்கலாமில்ல?"

ரைசா அவசரமாக எழுந்து, கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள்.

"உங்க நாத்தனார் பக்கத்துல நின்னாங்களேக்கா. அவங்க முன்னாடி உங்களுக்கு அவமானமாப் போயிருக்குமில்லீங்களா?"