குளித்துக்கொண்டே இருக்கும் ஐயா

"ஐயா குளிச்சுக்கிட்டிருக்காரு. இப்போ பார்க்க முடியாது."

கதவை ஒரு சாண் மட்டும் திறந்து, இடுக்கை உடம்பால் அடைத்துக்கொண்டு நின்றாள் லொரெதானா. எதிரே, புதிதாகக் குடிவந்த எதிர்வீட்டுக்காரர். கையில் தட்டு. கீரை வைத்துப் பொரித்த பார்பாஜுவான், சூடு ஆறவில்லை.

"நேத்தும் குளிக்கிறாருன்னுதான் சொன்னீங்க."

"சுத்தமான மனுஷன்."

அவர் சிரித்தார். கண் மட்டும் அவள் தோளுக்கு மேலாக உள்ளே போய்வந்தது.

"நீங்க தினமும் வருவீங்களாம்மா?"

"வேலைக்காரி தினமும் வராம? எதுக்குக் கேக்குறீங்க?"

"சும்மாதான். எதிர்ல இருக்கிறவங்க யாருன்னு தெரிஞ்சா நல்லதில்லையா. என் வீட்டுக்காரி தூங்குறா, இல்லேன்னா அவளே கொண்டாந்து குடுத்திருப்பா."

தட்டை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள். நேரே குளியலறைக்குப் போய், ஆளில்லாத தொட்டியில் கொட்டிக்கொண்டிருந்த வெந்நீரை நிறுத்தினாள்.

ஐயா இந்த வீட்டுக் கட்டிலில் படுத்தே வெகுகாலம். எந்தக் கடலில், எந்தக் கப்பலில் இருக்கிறாரோ. ஆனால் வருமான வரி இல்லாத மொனாக்கோவின் குடியிருப்பு அட்டை கையில் இருக்கவேண்டுமென்றால் மொனாக்கோவில் வாழவேண்டும். வாழ்கிறவன் வீட்டில் விளக்கு எரியும், தண்ணீர் ஓடும். எரியவிடவும் ஓடவிடவும்தான் அவளுக்குச் சம்பளம். எல்லைக்கு அந்தப் பக்கம் வென்டிமிலியாவிலிருந்து நெரிசல் ரயிலில் நின்றுகொண்டே வந்து, மொனெகெத்தி மேட்டுப் படிகளில் முட்டி வலிக்க ஏறி, வராத மனுஷனுக்குப் படுக்கையைக் கலைத்துப் போட்டு, திரும்ப விரிப்பாள். சாரத்திலிருந்து விழுந்த புருஷன் இன்னும் எழுந்து நடக்கவில்லை. ஐயாவின் அட்டை போனால் அவள் வீட்டில் அடுப்பு அணையும்.

சாயங்காலம் கீழே இறங்கியபோது, கட்டடத்துக் காவல்காரி ஜினெத் குப்பைத்தொட்டியை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"சேதி தெரியுமாடி? கீழ்த்தெருவுல ஒருத்தரோட அட்டையைப் பிடுங்கிட்டாங்க. அட்டை குடுக்கிற ஆபீஸ் ஆளுங்களே குடித்தனக்காரங்க மாதிரி வந்து உட்கார்ந்து வேவு பார்க்குறாங்களாம்."

லொரெதானா அருகே வந்து குரலைத் தாழ்த்தினாள். "எங்க எதிர்வீட்டு ஆளு எப்படி?"

"கோட்டும் சூட்டும்தான் தெரியுது. பொண்டாட்டி இருக்காங்கிறாரு. நான் கண்ணால பார்க்கல." ஜினெத் தொட்டியை நிறுத்தி ஒரு பார்வை பார்த்தாள். "உன் ஐயாவையும்தான் பார்க்கல."

அன்றிலிருந்து கதவில் பதித்த கண்ணாடித் துளையே கதியென்று கிடந்தாள். அந்த ஆள் போவது, வருவது, படியில் நின்று அவள் கதவையே வெறிப்பது, எல்லாம் பார்த்தாள். பொண்டாட்டி என்று ஒருத்தி வெளியே வரவேயில்லை. சந்தேகமே இல்லை. வேவு பார்க்க வந்தவனுக்குப் பொண்டாட்டி எதற்கு?

பார்பாஜுவானைக் கடைசிவரை வாயில் வைக்கவில்லை. அதிலும் ஏதோ சூது இருக்கும்.

ஒருநாள் பொறுக்கமுடியாமல் போயிற்று. பிடிபட்டுக் காலில் விழுவதைவிட, முந்திக்கொண்டு விழுவது மேல். போய் எதிர்வீட்டு மணியை அழுத்தினாள். உள்ளே யாரோ அவசரமாக ஓடும் சத்தம். கதவு ஒரு சாண் திறந்தது. அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"ஐயா, நான் உங்ககிட்ட ஒரு உண்மையைச்..."

முடிப்பதற்குள் அவள் கையைப் பற்றிக்கொண்டார். சிமெண்ட் தின்று காய்ப்புக் காய்த்த உள்ளங்கை.

"எழுதிப்புடாதீங்கம்மா. கதவுத் துளை வழியா என்னையே பார்த்தீங்க பாருங்க, அப்பவே தெரிஞ்சுபோச்சு, நீங்கதான் அந்த ஆபீஸ் ஆளுன்னு. இந்தக் கோட்டுகூட முதலாளியோட அலமாரியில எடுத்ததுதான். உள்ளே பொண்டாட்டியும் இல்ல, முதலாளியும் இல்ல. குழாயைத் திறந்து மூடத்தாம்மா எனக்குச் சம்பளம்."