ஊமத்தை சொன்ன சாட்சி

“இந்தச் சூனியக்காரிதான் தேன்ல விஷம் வெச்சு எங்க தலைவரைச் சாகடிக்கப் பார்த்துட்டா!”

கருப்பியைப் புளியமரத்தில் இறுக்கிக் கட்டிவிட்டுக் கத்தினான் மாதேஸ்வரன். ஊர் மதுவிலக்குக் கமிட்டியின் காரியதரிசி. லேசுப்பட்ட ஆளா?

சேலம் ஜில்லாவில் கள்ளுக்கடைகளை மூடி ஒரு வருஷம் ஆகியிருந்தது. கமிட்டித் தலைவர் வெங்கடாசலம் வாசல் கட்டிலில் கிடந்து உளறிக்கொண்டிருந்தார். காலையில் அவர் வாங்கின தேன், சித்தேரி மலையிலிருந்து கருப்பி கொண்டுவந்தது. நம் ஊர் நியாயத்துக்கு அது போதாதா?

“நானே நக்கிக் காட்டிட்டுத்தானுங்க குடுத்தேன்! வூட்டுல பால் குடிக்கிற புள்ள கெடக்குதுங்க, வுட்டுடுங்க சாமி!” கருப்பி கதறினாள்.

“போலீஸ் வரட்டும். இனிமே உனக்கு ஜெயில்தான் வூடு!”

கடத்தூரிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு நர்ஸ் தெரசா வந்தாள். தலைவரின் கண்மணி அகல விரிந்திருந்தது. நாக்கு வறண்டு, முகம் சிவந்து, உடம்பு அனலாய்க் கொதித்தது. ஒரு சொட்டு வேர்வை இல்லை.

“ஊமத்தை விஷமுங்க இது.”

“நான் சொன்னேனா இல்லையா?” மாதேஸ்வரன் குதித்தான்.

தெரசா குழாய் விட்டு இரைப்பையைக் கழுவினாள். உடம்பெல்லாம் ஈரத்துணி போட்டாள்.

“பொழைச்சுக்குவாருங்க. தெளிய ரெண்டு நாளாகும். அதுவரைக்கும் தெனமும் செய்யற வேலையக் கை அது பாட்டுக்குச் செய்யும், பயப்படாதீங்க. தையக்காரருன்னா ஊசில நூல் கோப்பாரு.”

“அப்ப எங்க தலைவர் ராட்டை சுத்துவாரு, பாருங்க!” மாதேஸ்வரன் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னான்.

கூட்டம் எட்டிப் பார்த்தது. தலைவரின் கை எழுந்தது. ராட்டையா? கையால் எதையோ அள்ளிப் போட்டார். கலக்கினார். துணியில் வடிகட்டினார். வரிசையாக மொண்டு மொண்டு ஊற்றினார். வாயாவது சும்மா இருந்ததா?

“டேய் கரியா! சாராயத்துல தண்ணி ஜாஸ்தியா இருக்குது. ஊமத்தங்கொட்டை இன்னொரு புடி அரைச்சுப் போடு. கூலிக்காரப் பசங்களுக்கு அது போதும். எனக்கும் மாதேஸ்வரனுக்கும் வெச்ச நல்ல பானையைத் தனியா வையிடா!”

கூட்டத்தில் நின்ற தலைவரின் வேலையாள் கரியன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

“அய்யய்யோ! காலையில தலைவருக்கு ஊத்தறப்ப பானை மாறிப்போச்சுங்களே!”

எல்லோரும் மாதேஸ்வரனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவன் புளியமரத்துக்கு ஓடினான். அவசர அவசரமாகக் கயிற்றை அவிழ்த்தான்.

“அட, என்னப்பா அநியாயம் இது! யாரு இந்தம்மாவைக் கட்டிப் போட்டது?”