என் பேரில் ஏறியவள்

சாயங்காலம் லொறி திரும்பி வந்து எங்கள் லயத்து வீடுகளுக்குக் கீழே நின்றது. அங்கம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

அவள் என் கொழுந்தனின் பெண்சாதி. கல்யாணமாகி மூன்று மாதம். புசல்லாவைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அவளுக்கு இன்னும் பேர் பதியவில்லை.

நானோ ஐந்தாவதைப் பெற்றுவிட்டு வீட்டில் கிடந்தேன். அதனால் செக்ரோல் என்ற வேலைப் பதிவில் என் பேரிலேயே அவள் கொழுந்து எடுத்தாள். எங்கள் மலையில் இது நடக்கிறதுதான். காலையில் பெரட்டில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற கங்காணி கண்டும் காணாமல் இருப்பார்.

"அக்கா, காலையில பெரட்டுல ரத்தினம்மான்னு ஒங்க பேரக் கூப்பிட்டாங்க, நான் ஏறிட்டேன். ஆஸ்பத்திரியில ஊசி போட்டாங்க, அப்புறம் ஒண்ணும் தெரியல" என்றாள்.

சேலையை விலக்கிப் பார்த்தேன். தொப்புளுக்குக் கீழே பஞ்சு வைத்து ஒட்டியிருந்தது.

சேலையை இழுத்து மூடினேன்.

இரண்டு மாதத்துக்கு முன் துரை என் நிறைவயிற்றைப் பார்த்து இங்கிலீசில் ஏதோ சொன்னார். முயல் மாதிரிப் பெற்றுத் தள்ளுகிறார்களாம் என்று கணக்கப்பிள்ளை தமிழில் சொன்னார். துரை சிரித்தார் என்று நாங்களும் சிரித்தோம். நாங்கள் முயலைக் கண்டால் கறி வைக்கிறவர்கள். அது எத்தனை குட்டி போடும் என்று யார் பார்த்தது?

அப்புறம்தான் நாலு பிள்ளைக்கு மேல் பெற்றவர்களின் பேரை எழுதினார்கள். இனிமேல் பெறாதபடி ஒப்பரேசன் செய்ய. பேரைப் பார்த்தே லொறியில் ஏற்றினார்கள்.

அங்கம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது. பாயில் சாய்ந்துகொண்டு என் பிள்ளையைக் கேட்டாள். கொடுத்தேன்.

"நாளைக்கு எனக்குப் பொறக்குற புள்ளைக்கு இவந்தான் தொணைக்கா" என்று சிரித்தாள்.

அடுப்படிக்குப் போய், சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன்.

முப்பது வருசமாகிறது. அவளுக்குப் பிள்ளை இல்லை. எல்லாரும் தோட்டத்துத் துரைமாரைத்தான் ஏசுகிறார்கள். அங்கம்மாவும் அவர்களைத்தான் ஏசுகிறாள். நியாயம்தான்.

அன்று விடிய, தலையிடிக்கிறது, வேலைக்குப் போகவில்லை என்று அவள் சுருண்டு படுத்திருந்தாள். லொறி எதற்கு வருகிறது என்று எனக்கு முதல் நாளே தெரியும். என் பேருக்கு ஆள் இல்லையென்றால் வீட்டுக்கே வந்து என்னை ஏற்றுவார்கள் என்று பயம்.

நான்தான் அவளை எழுப்பி, இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டி அனுப்பினேன்.