லேபர் வார்டு கண்

"வை கீழே! முதல்ல அந்த சிலிண்டரைக் கீழே வை!"

மாடிப்படியில் சிஸ்டர் போட்ட சத்தத்தில் கூரியர்க்காரி திடுக்கிட்டு நின்றாள். தோளில் கேஸ் சிலிண்டர், முகமெல்லாம் வியர்வை. லிஃப்ட் இல்லாத அந்தக் கட்டடத்தில் நாலாவது மாடியில் இருக்கும் அவள் வீட்டுக்கு இன்னும் இரண்டு மாடி ஏற வேண்டும்.

சிஸ்டர் முப்பத்தொரு வருஷம் லேபர் வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். நடையைப் பார்த்தே எத்தனையாவது மாசம் என்று சொல்லிவிடுவார். டாக்டர்களே அவரிடம் பந்தயம் கட்டித் தோற்றிருக்கிறார்கள். வேலை முடிந்தாலும் அந்தப் பெருமை மட்டும் போகவில்லை.

காலையில் குப்பை கொட்டப் போனவர் நாலாவது மாடி வீட்டுப் பையில் இரும்புச்சத்து மாத்திரையின் காலி அட்டைகளைப் பார்த்தார். கூடவே கால்சியம். அந்த வீட்டில் இருப்பது புருஷனும் பெண்டாட்டியும்தான். அதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது?

"எத்தனை மாசம்?" என்றார் குரலைத் தாழ்த்தி.

அவள் முகம் வெளுத்தது. "ஏழு... உங்களுக்கு எப்படித் தெரியும்? கெஞ்சிக் கேக்கறேன் சிஸ்டர், யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. ஹவுஸ் ஓனர் காதுக்குப் போனா அன்னிக்கே எங்களைக் காலி பண்ணச் சொல்லிடுவார்."

"புள்ளை பெத்துக்கறதுக்கா காலி பண்ணச் சொல்வான்? அவனை நான் பாத்துக்கறேன்."

சிஸ்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். தொளதொள கூரியர் சட்டைக்குள் வயிறு இருக்கிற இடமே தெரியவில்லை. ஏழு மாசத்துக்கு இதுவா வயிறு? சாப்பாடும் கிடையாது, ஓய்வும் கிடையாது, குழந்தை வளரவே இல்லை என்று அவருக்கு நெஞ்சு பதறியது.

"உன் புருஷன் எங்கே?"

"படுத்திருக்கார். அவருக்கு முடியலை. அவரை ஒண்ணும் சொல்லாதீங்க சிஸ்டர், பாவம்."

பாவமாம்! சிஸ்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தத் தாடிக்காரனை ஆரம்பத்திலிருந்தே அவருக்கு ஆகாது. குடிவந்த புதிதில் விடிந்தால் போதும், பால்கனியில் நின்று ஓங்கரித்து ஓங்கரித்து வாந்தி எடுப்பான். குடித்தது வெளியே வருகிறது, வேறென்ன? இப்போது மூன்று மாசமாக வேலைவெட்டிக்கும் போவதில்லை. தொப்பைதான் வளர்கிறது. இவளோ ஊரெல்லாம் பார்சல் சுமந்துவிட்டு வந்து, துணி துவைத்து, அவன் காலையும் பிடித்துவிடுகிறாள்.

சிஸ்டருக்கு வாய்த்தவரும் இதே ரகம்தான். மூன்றாவது பிரசவத்துக்கு வலியோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியவரிடம், "சட்டைக்கு இஸ்திரி போட்டு வச்சிட்டுப் போ" என்ற மகராஜன். காலம் மாறிவிட்டது, ஆண்கள் மாறிவிட்டார்கள் என்று டி.வி.யில் உட்கார்ந்து பேசுகிறார்கள். எங்கே மாறினார்கள்? நினைக்க நினைக்க அருவருப்பாக இருந்தது.

விறுவிறுவென்று படியேறினார். "வேண்டாம் சிஸ்டர்!" என்று கத்திக்கொண்டே சிலிண்டரோடு பின்னால் ஏறினாள் அவள்.

நாலாவது மாடிக் கதவு திறந்தே கிடந்தது. தாடிக்காரன் சோபாவில் இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்திருந்தான். முழங்காலுக்கு நடுவே ஒரு தலையணை, இடுப்புக்கு ஒரு தலையணை. சாப்பிட்ட தட்டு தரையிலேயே காய்ந்துகொண்டிருந்தது. அதைக் கழுவக்கூட அவள்தான் வர வேண்டும் போலிருக்கிறது.

"வெக்கமா இல்ல உனக்கு? பொண்டாட்டி சிலிண்டர் தூக்கிட்டு வரா, நீ தொப்பையைத் தடவிக்கிட்டுப் படுத்திருக்கே! உன்னை மாதிரி ஆளுங்களைப் பார்த்தாலே வயித்தைப் பொரட்டுது. அந்தக் குழந்தைக்கு மட்டும் ஏதாவது ஆகட்டும், உன்னை உள்ளே தள்ளாம விடமாட்டேன். எந்திரி!"

இடுப்புத் தலையணையைப் பிடுங்கி மூலையில் வீசினார்.

அவன் கண்கள் கலங்கின. ஒரு கையை சோபாவில் ஊன்றி, மறு கையை முதுகுக்குக் கொடுத்து, காலை அகட்டி வைத்து மெல்ல எழுந்தான். அப்படி எழுந்திருப்பதை சிஸ்டர் எங்கேயோ ஆயிரம் தடவை பார்த்திருக்கிறார். ஆத்திரத்தில் எங்கே என்று பிடிபடவில்லை.

"நடிக்காதே!" என்று அவன் தோளைப் பிடித்து உலுக்கினார். அவன் தடுமாறினான்.

வாசலில் டமாரென்று சிலிண்டர் விழுந்தது. பாய்ந்து வந்து அவனைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள் கூரியர்க்காரி. சிஸ்டரின் கையைத் தட்டிவிட்ட வேகத்தில் அவளுக்கு மூச்சிரைத்தது.

"அவரை உலுக்காதீங்க சிஸ்டர்! அவர் திருநம்பி, பொண்ணாப் பொறந்தவர்... புள்ளை அவர் வயித்துல இருக்கு!"