பவளம் பிழைத்த காலை

வெயில் பட்டால் பாசி பிடிக்குமென்று கூடத்து ஜன்னலுக்குத் திரை போட்டிருக்கிறார்கள். உப்புநீர்த் தொட்டியின் நீல வெளிச்சம் மட்டும் சுவரில் அலைகிறது. கத்தாரின் தோஹாவில் பன்னிரண்டு வருஷம் மீன்தொட்டிக் கடையில் வேலை பார்த்துத் தஞ்சாவூர் திரும்பிய ஜெரால்ட், முழங்கைவரை கையை உள்ளே விட்டு, பாறையில் மயிராக மண்டிய பச்சைப் பாசியைப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்க்கிறான். அவன் மனைவி அனிட்டா, பள்ளியில் வேதியியல் நடத்துகிறவள், உதிரும் பாசியை மெல்லிய குழாயால் வாளிக்கு இறக்குகிறாள். பக்கத்து வயலின் உரம், தொட்டிக்கு ஊற்றும் போர்வெல் தண்ணீரில் இறங்கித்தான் பாசி இப்படிக் கொழுக்கிறது என்று கண்டுபிடித்தவள் அவள்தான். அன்றிலிருந்து வடிகட்டிய ஆர்.ஓ. தண்ணீரில்தான் உப்புக் கரைக்கிறார்கள். மிச்சம் பாசிக்கு உரமாகாமலிருக்க மீன்களுக்கும் அரைத் தீனிதான். ஆனாலும் பாறையில் ஒட்டி வளரும் பவள உயிரி இரண்டு மாதமாக விரியாமல் மூடியே கிடக்கிறது. செத்துவிட்டதென்றே ஜெரால்ட் நினைக்கிறான். “என்னங்க, கைய ஆட்டாதீங்க! அங்க பாருங்க!” பாசி விலகிய இடுக்கில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொட்டு, சின்னப் பூவாக மெல்ல விரிகிறது. “உசிரு இருக்கு அனிட்டா,” என்கிறான். “சாகலைன்னு நான்தான் சொன்னேன்ல?” அவள் சிரித்த சிரிப்பில் குழாய் வாளியைவிட்டு நழுவி, உப்புத்தண்ணீர் தரையெல்லாம் ஓடுகிறது. இருவருமே குனியவில்லை. ஈரக் காலோடு, கண்ணாடியில் நெற்றி முட்ட நின்று, ஒவ்வொன்றாக விரிகிற பூக்களை எண்ணுகிறார்கள்: நாலு, அஞ்சு, ஆறு.